வேலையின்மை 3.2 சதவீதமா? சர்வே தரவைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டியது

கேள்வி இதுதான்: “எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மத்திய அரசின் பி.எல்.எஃப்.எஸ். என்ற வேலைவாய்ப்பு சர்வே தரவை வைத்து, பெண்கள் வேலைக்குப் போவது பற்றியும் குடும்பங்களின் வாழ்க்கைத் தரம் பற்றியும் ஆய்வேடு எழுதலாம் என்று இருக்கிறேன். 2023-24இல் நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறது அறிக்கை. எங்கள் தெருவிலேயே டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் ஏராளம். இந்தத் தரவை நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?”

நம்பலாம். ஆனால் 3.2 என்பது எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்று தெரிந்துகொண்ட பிறகு நம்புங்கள். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் தரவை டவுன்லோட் செய்த கையோடு ரிக்ரஷன் (எது எதோடு எவ்வளவு தொடர்புடையது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட உட்கார்ந்துவிடுகிறார்கள். கேள்வித்தாளையும், கணக்கெடுப்பவர்களுக்குக் கொடுக்கப்படும் விளக்கக் கையேட்டையும் யாரும் பிரிப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் இரண்டு வாரம் அதை மட்டும் படியுங்கள் என்பேன். உங்கள் சந்தேகத்துக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

பி.எல்.எஃப்.எஸ். ஒரே ஆளை இரண்டு விதமாக விசாரிக்கிறது. முதலாவது, கடந்த 365 நாளில் பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்பது. வேலை பார்த்தாரா, வேலை தேடினாரா, இரண்டும் இல்லையா என்று பார்த்து அவருடைய முதன்மை நிலையை எழுதுவார்கள். முதன்மை நிலையில் வேலை இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 30 நாளாவது ஏதோ ஒரு வேலை பார்த்திருந்தால் துணை நிலையில் வேலை பார்ப்பவர் ஆகிவிடுவார். இரண்டையும் சேர்த்தது ‘வழக்கநிலை’. நீங்கள் சொல்லும் 3.2 இந்தக் கணக்கில் வந்தது. இரண்டாவது ‘வார நிலை’. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். வேலையே கிடைக்காமல், தேடியோ கிடைத்தால் செய்யத் தயாராகவோ இருந்தவர் வேலையற்றவர். இந்தக் கணக்கில் அதே ஆண்டு, அதே மக்களிடம் வேலையின்மை 4.9 சதவீதம். ஒரே சர்வேக்குள் இரண்டு எண்கள், இரண்டும் சரி.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். பி.காம். முடித்த ஒரு பையன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் கல்யாண சீசனில் மாமாவின் பந்தல் கடையில் ஒரு மாதம் கூடமாட இருந்தான். வழக்கநிலைப்படி அவன் வேலையில் இருப்பவன். இன்னொருத்தன் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வைத்திருந்தால் அவன் ‘மாணவன்’, வேலைச் சந்தைக்கு வெளியே. மூன்றாமவன் ஒன்றும் செய்யாமல், கிடைத்தால் போகிறேன் என்று சொன்னால் மட்டும்தான் 81 என்ற குறியீடு விழும், வேலையற்றவன் ஆவான். 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 2023-24இல் வழக்கநிலை வேலையின்மை 10.2 சதவீதம். 2017-18இல் அது 17.8. நீங்கள் தெருவில் பார்ப்பது இந்த எண்ணுக்குள் இருப்பவர்களை. நாட்டு சராசரியில் நாற்பது வயது கொத்தனாரும் ஐம்பது வயது விவசாயியும் சேர்ந்துவிடுவதால் எண் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகிவிடுகிறது.

சி.எம்.ஐ.இ. என்ற தனியார் அமைப்பும் 2014இலிருந்து குடும்ப சர்வே நடத்துகிறது. அவர்கள் சொல்லும் வேலையின்மை பெரும்பாலும் அரசு எண்ணைவிட அதிகமாக இருக்கும், பெண்களின் பங்கேற்பு (வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த விகிதம்) மிகக் குறைவாக இருக்கும். உடனே டிவி விவாதத்தில் ஒருவர் அரசு பொய் சொல்கிறது என்பார், இன்னொருவர் தனியார் பொய் சொல்கிறது என்பார். சி.எம்.ஐ.இ. விசாரிப்பது ஏறக்குறைய அன்றைய நாளின் நிலையை. ஆண்டில் 30 நாள் வேலை பார்த்தாலும் சேர்த்துக்கொள்ளும் ஒரு வலையும், இன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் ஒரு வலையும் ஒரே மீனைப் பிடிக்காது.

குறைந்த வேலையின்மை என்பதை நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-24இல் வழக்கநிலைப்படி பீகாரில் வேலையின்மை 3.0, கேரளத்தில் 7.2. அதே ஆண்டு வீட்டுச் செலவு சர்வேயில் பீகார் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரி 3,670 ரூபாய், கேரளக் கிராமங்களில் 6,611 ரூபாய். வேலை இல்லாமல் காத்திருக்க வசதி வேண்டும். அப்பாவுக்குப் பென்ஷனோ, வளைகுடாவிலிருந்து பணமோ வரும் வீட்டில்தான் படித்த பெண் தனக்கேற்ற வேலை வரட்டும் என்று இரண்டு வருடம் இருக்க முடியும். அன்றாடம் உலை வைக்கவே கூலி வேண்டும் என்ற வீட்டில் கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். அதனால்தான் வேலையையும் வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துப் படிக்க நினைக்கும் உங்கள் எண்ணம் சரியான எண்ணம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தலைகீழ் முடிவுக்குப் போய்விடலாம்.

ஐரோப்பிய வேலையின்மைக் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரியும். வேலையின்மைக் கணக்கை ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970இல் இதைத்தான் சொன்னது: சொந்த நிலமும் கூலி வேலையும் கலந்து கிடக்கும் நாட்டில் ஒற்றை எண் போதாது, பல அளவுகோல் வேண்டும் என்று. அதன் அடிப்படையில் 1972-73இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்.எஸ்.எஸ். (மத்திய அரசின் தேசிய மாதிரி சர்வே) பெரிய வேலைவாய்ப்பு சர்வே நடத்தியது. கடைசியாக நடந்தது 2011-12இல். 2017 ஏப்ரலில் அதன் இடத்துக்கு பி.எல்.எஃப்.எஸ். வந்தது. அதன் முதல் அறிக்கை 2019 தொடக்கத்தில் வெளிவராமல் கிடந்ததும், தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி இருவரும் விலகியதும், வேலையின்மை 6.1 சதவீதம் என்ற எண் பத்திரிகையில் கசிந்ததும், தேர்தல் முடிந்து மே 31 அன்று அறிக்கை அதிகாரபூர்வமாக வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். எண்ணை வெளியிடும் தேதியில் அரசியல் நுழையும், சந்தேகமே வேண்டாம். ஆனால் வீடு வீடாகப் போய் எழுதிய தனிநபர் தரவு வெளியே வந்துவிட்டால், அதிலிருந்து யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த சர்வேக்களை மதிக்கிறேன்.

சரி, பெண்கள் விஷயம். இதுதான் உங்கள் ஆய்வின் மையம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு வழக்கநிலைப்படி 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஆறு ஆண்டில் இப்படி ஒரு தாவல் எந்த நாட்டிலும் சாதாரணமாக நடக்காது. நடந்ததா, அல்லது எழுதும் கை மாறியதா? இரண்டும் கலந்திருக்கலாம் என்பதுதான் நியாயமான பதில். எப்படி என்று பார்க்க ஒரு வீட்டுக்குள் போவோம்.

கணக்கெடுப்பவர் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த நேரம் இருப்பவர் கணவர். எல்லோருக்கும் அவரே பதில் சொல்கிறார். “உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?” “அது வீட்டுலதாங்க இருக்குது.” அவ்வளவுதான், 92 என்ற குறியீடு விழுந்தது: வீட்டு வேலை மட்டும். கொஞ்சம் பொறுமைசாலியான கணக்கெடுப்பவர் என்றால் கொல்லையில் கட்டியிருக்கும் இரண்டு மாட்டைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்பார். “மாட்டை யாருங்க பாத்துக்கிறது?” “அதுதான் பாத்துக்குது. காலைலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வரும்.” இப்போது அந்தப் பெண்ணுக்கு 21 விழ வேண்டும்: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். பால் சொசைட்டிப் புத்தகம் அவர் பேரிலேயே இருந்து, பணமும் அவர் கைக்கே வந்தால் 11, அதாவது சொந்தத் தொழில் செய்பவர். பாலை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டாலும் என்.எஸ்.எஸ். விதிப்படி கால்நடை வளர்ப்பு பொருளாதார வேலைதான். ஆனால் அதே பெண் காட்டுக்குப் போய் விறகு பொறுக்கி வந்தாலோ, பிள்ளைகளுக்குத் துணி தைத்தாலோ 93 என்று எழுதி வேலைச் சந்தைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். ஒரே பெண், ஒரே நாள். ஒரு துணைக் கேள்வி கேட்டதா இல்லையா என்பதில் அவர் உள்ளே வருகிறார், வெளியே போகிறார்.

ஆகவே பங்கேற்பு கூடியது என்ற தலைப்போடு நிறுத்தாமல் எந்தக் குறியீட்டில் கூடியது என்று பாருங்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் என்று எழுதப்பட்டவர்கள் 2017-18இல் 51.9 சதவீதம், 2023-24இல் 67.4. அதற்குள் சம்பளமில்லாத உதவியாளர் மட்டும் 31.7இலிருந்து 36.7. மாதச் சம்பளக்காரர்கள் 21.0இலிருந்து 15.9 ஆகக் குறைந்திருக்கிறார்கள். இந்தப் பட்டியல் நமக்குச் சொல்வது, கூடிய பெண்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கம்பெனிக்குப் போனவர்கள் அல்ல என்பது. கொரோனா முடக்கத்தில் ஆண்கள் வருமானம் விழுந்ததும் பெண்கள் தையல் மிஷினையும் ஆட்டையும் மாட்டையும் நம்பியது நிஜமாக இருக்கலாம். கணக்கெடுப்பவர்கள் துருவிக் கேட்கப் பழகியதும் நிஜமாக இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது எப்படி என்று யோசித்தீர்கள் என்றால் உங்களுக்கு நல்ல ஆய்வேடு கிடைத்துவிட்டது. ஒரு வழி, 11, 21 தவிர்த்துக் கூலி, சம்பளம் இரண்டை மட்டும் எடுத்து அந்த விகிதம் எப்படி நகர்ந்தது என்று பார்ப்பது. யாரும் கூலிக்குப் போவதை மறந்துவிட்டு ‘வீட்டில் இருக்கிறாள்’ என்று அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. இன்னொரு வழி, நேரப் பயன்பாட்டு சர்வே. இது 2019இலும் 2024இலும் நடந்தது. முந்தைய நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் அதில் செலவழித்தார்கள். 2024இல் 289, 88. பங்கேற்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிய அதே காலத்தில் வீட்டு வேலை நேரம் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் புது ‘வேலை’ நாளில் எந்த நேரத்தில் நுழைந்தது? இதைத் தொட்டுப் பார்க்காத ஆய்வேடு பாதி ஆய்வேடுதான்.

வாழ்க்கைத் தரம் பக்கம் போவோம். நம் நாட்டு சர்வேக்கள் வருமானத்தைவிடச் செலவைத்தான் நம்புகின்றன. அதற்குக் காரணம் உண்டு. விவசாயிக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியும். அதோடு வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், சாப்பாடு அப்படி ஏறி இறங்காது.

ஆனால் ‘எத்தனை நாள் செலவு’ என்று கேட்கிறோம் என்பதிலேயே ஏழைகளின் எண்ணிக்கை மாறிவிடும். நீண்ட காலமாக என்.எஸ்.எஸ். எல்லாப் பொருளுக்கும் கடந்த 30 நாள் கணக்கைக் கேட்டு வந்தது. 1990களின் நடுவில் சில சுற்றுகளில் சோதனையாக, ஒரு பாதிக் குடும்பங்களிடம் உணவுக்கு 7 நாள் கணக்கைக் கேட்டுப் பார்த்தார்கள். காய்கறி, பால், வெற்றிலை பாக்கெல்லாம் போன வாரம் வாங்கியது நினைவில் இருக்கும், மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது இருக்காது. 7 நாள் கேள்வியில் செலவு கூடிவிட்டது, வறுமை விகிதம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. ஒருவருக்கும் ஒரு பைசா கூடவில்லை, கேள்வி மட்டும்தான் மாறியது. அப்புறம் 1999-2000இல் ஒரு சமரசம் செய்தார்கள்: ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் 7 நாளையும் 30 நாளையும் கேட்டார்கள். வாரம் 100 ரூபாய் என்று சொன்னவர் மாதம் 250 என்று எப்படிச் சொல்வார்? ஒன்றை இன்னொன்றோடு ஒத்துப்போக வைத்துச் சொன்னார்கள். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 ஆக இறங்கியது என்று அரசு அறிவித்தது. பெரிய சண்டை மூண்டது. பின்னாளில் 2015இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் இதில் செய்தது அழகான வேலை. கேள்வி மாறாத சில பொருட்கள் இருந்தன, விளக்கு, எரிபொருள் மாதிரி. அவற்றின் செலவுக்கும் மொத்தச் செலவுக்கும் உள்ள உறவை முந்தைய சுற்றிலிருந்து எடுத்து, 1999-2000க்கு வறுமையை மறுபடி கணித்தார். இறங்கியது உண்மை, ஆனால் அரசு சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. ஒரு தரவு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல், அதில் கெடாத மூலை எது என்று தேடுவதை இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்களுக்குக் கிடைக்கும் வீட்டுச் செலவு சர்வேக்கள் 2022-23, 2023-24. இரண்டிலும் தலா 2.6 லட்சம் குடும்பங்கள். இடையில் 2017-18இல் நடந்த சர்வேயின் முடிவைத் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு கைவிட்டுவிட்டது. ஆகவே 2011-12க்கு அப்புறம் பதினோரு ஆண்டு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்டி ஒப்பிடுவதுதான் இன்றைய தலைவலி. 2022-23இல் கிராமத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். 2011-12 விலையில் சொன்னால் முறையே 2,008, 3,510. 2011-12இல் இவை 1,430, 2,630 ஆக இருந்தன. வளர்ச்சி என்று எழுதிவிடலாம். ஆனால் பழைய சர்வேயில் ஒரே தடவை வீட்டுக்குப் போய் 347 பொருளை ஒரே மூச்சில் கேட்டார்கள். புதியதில் உணவு, அன்றாடப் பொருள், நீடித்து உழைக்கும் பொருள் என்று மூன்று தாளாகப் பிரித்து, மூன்று மாதத்தில் மூன்று தடவை போய் 405 பொருளைக் கேட்கிறார்கள். இரண்டு மணி நேரம் பதில் சொல்லிக் களைத்தவர் கடைசியில் “ஆமாங்க, போட்டுக்கோங்க” என்று சொல்லும் நிலைமை இதில் குறைவு. அதனால் செலவு முன்னைவிட முழுதாகப் பதிவாகும். கூடிய எண்ணில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு தாள் என்பது இன்னும் தீராத வழக்கு. அந்த இரண்டு எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். 2022-23ஐயும் 2023-24ஐயும் ஒப்பிடலாம், அவை ஒரே முறையில் நடந்தவை.

தமிழ்நாட்டை எடுப்பீர்கள் என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். 2011 ஜூனிலிருந்து இங்கே அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம். மாதம் இருபது கிலோ அரிசி வாங்கும் வீட்டில் அரிசிக்குச் செலவு பூஜ்யம் என்று எழுதினால், அதே அரிசியை விலை கொடுத்து வாங்கும் பக்கத்து மாநிலத்து வீடு வசதியானதாகத் தெரியும். இதற்காகவே புதிய சர்வேயில் இலவசப் பொருட்களுக்கு மதிப்புப் போட்டு இன்னொரு எண்ணும் தருகிறார்கள். 2023-24இல் அகில இந்தியக் கிராம சராசரி 4,122, இலவசங்களின் மதிப்பைச் சேர்த்தால் 4,247. ஆனால் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் ஜி.எச். வைத்தியத்துக்கும் அவர்கள் மதிப்புப் போடுவதில்லை. இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு லட்சம் கட்டினால், சர்வே கணக்கில் அந்த வீட்டின் ‘வாழ்க்கைத் தரம்’ அந்த ஆண்டு ஏறிவிடும். வைத்தியச் செலவைக் கழித்துவிட்டும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். வரிசை எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆள் கணக்கில் வகுப்பதும் அப்படி ஒன்றும் நேர்மையான வேலை இல்லை. ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆறு கேஸ் அடுப்பு வேண்டியதில்லை, கைக்குழந்தை பெரிய ஆள் அளவுக்குச் சாப்பிடாது. இதற்கு ஈடுகட்டும் அளவுகோல்கள் உண்டு. குறைந்தது ஒரு மாற்றுக் கணக்காவது போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை மட்டும் இந்த சர்வே சொல்லவே சொல்லாது. மாமியாரும் மருமகளும் ஒரே சராசரியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பணக்காரர்கள் இந்தத் தரவில் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்குள்ளேயே விடாத அடுக்குமாடிகள் உண்டு, விட்டாலும் உண்மையைச் சொல்லாதவர்கள் உண்டு. தேசியக் கணக்கில் வரும் மொத்த நுகர்வில் பாதியளவே சர்வேயில் தெரிகிறது. அதனால் செலவு சர்வேயிலிருந்து கினி எண் (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்) குறைந்துவிட்டது, நாட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்று யாராவது எழுதினால் புன்னகையோடு கடந்து போங்கள். கீழ்ப்பாதி மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்குத்தான் இந்தத் தரவு பலமானது.

இனி கை வேலை. தரவு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பெயர் பதிந்தால் இலவசமாகக் கிடைக்கும். எண்கள் இடைவெளியே இல்லாமல் வரிசையாக ஓடும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றும், எத்தனையாவது எழுத்தில் எந்தத் தகவல் என்று சொல்லும் எக்செல் ஒன்றும் வரும். ஸ்டேட்டா, ஆர் (R) என்ற மென்பொருள்களில் உங்களுக்குப் பழகியதில் படியுங்கள். சிக்கல் வருவது எடையில், அதாவது சர்வேயில் வந்த ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்ணில்.

2024 வரையிலான வடிவமைப்பில் ஒரு கிராமத்திலோ நகர வட்டத்திலோ எட்டு வீடுகளை எடுப்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கமாட்டார்கள். முதலில் அந்த ஊர் வீடுகளைப் பத்தாம் வகுப்பு முடித்த பெரியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதிகம் பேர் இருக்கும் வீடுகளிலிருந்து இரண்டு, குறைவாக இருக்கும் வீடுகளிலிருந்து நான்கு, ஒருவருமே இல்லாத வீடுகளிலிருந்து இரண்டு. படித்தவர் யாருமே இல்லாத வீடுகள் பாதிக்கு மேல் இருக்கும் ஊரிலும் எட்டில் ஆறு வீடு படித்தவர் வீடாகத்தான் வரும். எடை போடாமல் சராசரி எடுத்தால் படித்தவர்கள் அளவுக்கு மீறித் தெரிவார்கள், அவர்களோடு சேர்ந்து வேலையின்மையும் வீங்கிவிடும். ஃபைலில் இருக்கும் எடை எண்ணையும் அப்படியே போடக்கூடாது. அது நூறால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும். மாதிரியை இரண்டாகப் பிரித்த துணை மாதிரிகளின் எண்ணிக்கை (ஃபைலில் இருக்கும் NSS, NSC என்ற இரு எண்கள்) ஒத்துப்போகும் இடத்தில் 100ஆல், மற்ற இடத்தில் 200ஆல் வகுத்து, ஆண்டுத் தரவுக்குக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இது கூடவே வரும் குறிப்பு ஃபைலில் இருக்கிறது, ஆனால் அதைத் திறக்காதவர்கள்தான் அதிகம். செலவு சர்வேயில் தனிநபர் சராசரி வேண்டுமென்றால் வீட்டு எடையை வீட்டிலுள்ள ஆட்கள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இல்லாவிட்டால் ஆறு பேர் வீடும் தனி ஆள் வீடும் ஒரே கனத்தில் நிற்கும்.

எடை சரியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை: அச்சான அறிக்கையிலிருந்து ஒரு அட்டவணையை எடுத்து அதே எண் உங்களுக்கு வருகிறதா பாருங்கள். தசமத்துக்கு ஒத்துப்போகும் வரை அடுத்த அடி வைக்காதீர்கள். ஆனால் இந்த எடைகளை வைத்து ‘தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் பெண்கள்’ என்று மொத்த எண் சொல்லாதீர்கள். கிராமங்களைத் தேர்ந்தெடுக்க அடிப்படைப் பட்டியலாக இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சர்வேயிலிருந்து வரும் மொத்த மக்கள்தொகை எப்போதும் குறைவாகவே வரும். விகிதத்தை எடுங்கள், மொத்த எண்ணுக்கு மக்கள்தொகைக் கணிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் கணக்குப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 2023-24இல் நாடு முழுக்க எடுத்தவை 12,743 கிராமங்களும் நகர வட்டங்களும். மாவட்டங்கள் 750க்கு மேல். சராசரியாக ஒரு மாவட்டத்துக்குப் பதினாறு பதினேழு இடம், ஏறக்குறைய 135 வீடு, 550 ஆட்கள். அதில் 15 வயது தாண்டிய பெண்கள் இருநூறு பேர் என்று வைத்தால், வேலைச் சந்தையில் இருப்பவர்கள் எண்பது எண்பத்தைந்து. அவர்களில் 3.2 சதவீதம் என்றால் மூன்று பேர். மூன்று பெண்களை வைத்து ஒரு மாவட்டத்தின் பெண் வேலையின்மையை எழுதுவீர்களா? அதுவும் ஒரே ஊரில் எடுத்த எட்டு வீடும் ஒரே மழை, ஒரே மில், ஒரே சாதித் தெருவைச் சேர்ந்தவையாக இருக்கும் என்பதால் அந்த எட்டுக்கு எட்டு தனித் தகவலின் மதிப்பு இல்லை. பிழை அளவைக் கணக்கிடும்போது ஊர்வாரியாகக் கொத்துகளைக் குறிப்பிட மறக்காதீர்கள். மாநில அளவு போதும். மிஞ்சினால் மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்து மண்டலவாரியாகப் பிரிக்கலாம்.

‘ஏன்’ என்ற கேள்விக்கு இந்தத் தரவு தானாகப் பதில் சொல்லாது. வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டில் செலவு குறைவு என்று வந்தால், வேலைக்குப் போனதால் ஏழையானார்கள் என்று யாரும் எழுதமாட்டோம். ஆனால் அதே தவற்றை நாகரிகமான சமன்பாட்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் நூறு நாள் வேலைத் திட்டம் பற்றி கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் இருவரும் செய்த ஆய்வைப் பாருங்கள். திட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டம், 2007இல் 130 மாவட்டம், 2008 ஏப்ரலில் மீதி என்று படிப்படியாக வந்தது. முதலில் வந்த மாவட்டங்களையும் கடைசியில் வந்தவற்றையும், திட்டத்துக்கு முன்னும் பின்னும், என்.எஸ்.எஸ். தரவில் ஒப்பிட்டார்கள். வயல் வேலை குறைந்த வறட்சிப் பருவத்தில் தனியாரிடம் கிடைக்கும் கூலியும் ஏறியது தெரிந்தது. புது சர்வே எதுவும் எடுக்கவில்லை. யாருக்கு எப்போது திட்டம் வந்தது என்ற தேதியையும் ஊருக்கெல்லாம் பொதுவாகக் கிடைக்கும் தரவையும் சேர்த்தார்கள். உங்கள் ஆய்விலும் அப்படி ஒரு தேதி கிடைக்குமா என்று தேடுங்கள்.

ஒரு நடைமுறைத் தடையும் சொல்லிவிடுகிறேன். வேலை சர்வேயில் வரும் வீடுகளும் செலவு சர்வேயில் வரும் வீடுகளும் வேறு வேறு, இரண்டையும் வீட்டுக்கு வீடு இணைக்க முடியாது. பி.எல்.எஃப்.எஸ்.இல் மாதச் செலவைப் பற்றி ஒருசில கேள்விகள் உண்டு. ஏழை, நடுத்தரம் என்று வரிசைப்படுத்த அது போதும், வறுமை விகிதம் கணக்கிடப் போதாது. ஒரே வீட்டின் வேலை, வருமானம், செலவு, கடன், திருமணம் எல்லாம் வேண்டுமென்றால் ஐ.எச்.டி.எஸ். என்ற சர்வே இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் 2004-05இல் 41,554 வீடுகளில் எடுத்தார்கள், 2011-12இல் பெரும்பாலும் அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். ஒரு பெண் இடையில் வேலையை விட்டாரா, எப்போது விட்டார், வீட்டில் வருமானம் ஏறியபோதா, குழந்தை பிறந்தபோதா என்பதை அதில் தொடர முடியும். பழைய தரவுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு பி.எல்.எஃப்.எஸ்.ஐவிட அது பொருத்தம் என்பது என் எண்ணம். பி.எல்.எஃப்.எஸ்.இல் 2024 வரை நகரத்து வீடுகளுக்கு மட்டும்தான் மூன்று மறுவருகை, கிராமத்துக்கு ஒரே தடவை.

2025 ஜனவரியிலிருந்து அதுவும் மாறிவிட்டது. இப்போது கிராமமும் நகரமும் நான்கு மாதம் தொடர்ந்து கேட்கப்படுகின்றன. ஒரு ஊரில் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு வீடு. ஆண்டுக்கு 22,692 இடம், 2,72,304 வீடு, மாவட்டமே அடிப்படை அலகு. 2025 மே மாதத்திலிருந்து மாதாமாதம் எண்ணும் வருகிறது, அதில் முதலில் வந்த ஏப்ரல் மாதத்து வார நிலை வேலையின்மை 5.1. இதைப் பார்த்துவிட்டு 3.2ஆக இருந்தது 5.1 ஆகிவிட்டது என்று உங்கள் முடிவுரையில் எழுதிவிடாதீர்கள். ஒன்று வழக்கநிலை, ஒன்று வார நிலை. ஒன்று பழைய மாதிரி, ஒன்று புதிய மாதிரி. 2017-18இலிருந்து 2023-24 வரையிலான ஏழு ஆண்டுத் தரவை ஒரு தொகுதியாக வைத்து ஆய்வேட்டை முடியுங்கள். 2025ஐத் தொட வேண்டுமென்றால் அதற்குத் தனி அத்தியாயம், தனி அட்டவணை.